பேருந்துச் சீட்டும் ஆவணமே: சாரணர் முகாம் பேட்ஜுகளை முன்வைத்து

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம். மறுப்பு உள்ளவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் சிறிய ஆய்வு முன்மொழிவு ஒன்றை வாசித்தேன். நகரப் பூங்கா ஒன்றில் ஆண்டுதோறும் நடக்கும் சாரணர் முகாமில் வழங்கப்பட்ட நினைவுப் பேட்ஜுகளில் எந்த மொழி, எந்த எழுத்து, எந்த வரிசையில் இடம்பெறுகிறது என்பதே பொருள். வாசித்து முடித்ததும் அமர்வுத் தலைவர், துறையில் மூத்தவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "அடுத்து என்ன, பேருந்துச் சீட்டா?" அரங்கம் சிரித்தது. ஆய்வு மாணவர்களுக்கே உரிய பழக்கத்தினால் நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிரவு குகட்பள்ளி அறைக்குத் திரும்பும் வழியில்தான் சொல்லியிருக்க வேண்டிய விடை நினைவுக்கு வந்தது: "ஆம் ஐயா, பேருந்துச் சீட்டும்தான்."

அவரது பெயரை எழுதப் போவதில்லை. அவர் இல்லாவிட்டால் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். தமிழ்நாட்டிலும் இங்கும் மானுடவியல், மொழியியல், வரலாற்றுத் துறைகளில் எது சான்று, எது குப்பை என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் ஒரு மனப்பாங்கு இருக்கிறது. என் வழக்கு அதனோடு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பணிக்காலம் முழுவதும் சாரண ஆசிரியர். ஆண்டுதோறும் தம் பள்ளிப் பிள்ளைகளை நகரத்துப் பூங்கா முகாமுக்கு அழைத்துச் செல்வார். கூடாரம், பாசறைத் தீ, அணிவகுப்பு, திரும்பும்போது ஆளுக்கொரு பேட்ஜ். அவர் தம்முடையதை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் போட்டுவைத்தார். அவர் காலமான பின்னர் வீட்டைக் காலிசெய்யும் வேளையில், 'மொழி படிக்கிற பிள்ளை' என்பதனால் என்னை அழைத்துக் காட்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவை: சில எனாமல் பூசிய உலோகம், சில தையல் துணி. குழல்விளக்கின் மங்கிய ஒளியில் பாதியைத்தான் கைப்பேசியில் படமெடுக்க முடிந்தது. இவை ஒரு நூலகத்தில் இருக்க வேண்டியவை என்று வாக்குறுதி போலச் சொல்லிவிட்டு, ஒரு நிறுவன நூலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே கேட்டார்: "நூலா? இல்லை. இதழா? இல்லை. ஆய்வேடா? அதுவும் இல்லை. பிறகு பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?" என்னிடம் விடை இல்லை.

இடையில் ஊருக்குப் போக நேர்ந்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது அந்த வீடு பூட்டியிருந்தது. உலோகப் பேட்ஜுகள் பழைய பித்தளையோடு எடைக்குப் போயின. துணிப் பேட்ஜுகள் பழந்துணியோடு போயின. அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் எறிவதற்கு முன் ஒருமுறை கேட்டார்கள். விடை சொல்லத் தெரியாமல் நின்றது நாம்தான்.

எஞ்சிய படங்களில் என்ன இருக்கிறது? முந்தைய ஆண்டுகளின் பேட்ஜுகளில் தெலுங்கு, உருது, ஆங்கிலம் என மூன்று எழுத்துமுறைகளும் உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் உருது எழுத்துகள் இணைய வேண்டிய இடத்தில் இணையாமல் தனித்தனியே தைக்கப்பட்டுள்ளன. எழுதிக் கொடுத்தவருக்கு உருது தெரியும், தைத்தவருக்குத் தெரியாது. பிந்தைய ஆண்டுகளில் ஆங்கிலம் மட்டும். கடைசியில் உள்ளவற்றில் முகாமின் பெயருக்கு இணையான அளவில் விளம்பரதாரரின் முத்திரை. இத்தனை சிறிய தொகுதியை வைத்துக்கொண்டு ஐதராபாத்தின் மொழி வரலாற்றை எழுத நான் முனையவில்லை. ஆனால் ஒரு கேள்வியை எழுப்ப இது போதும். தெலங்கானா அரசு 2017இல் உருதுவை மாநிலம் முழுவதற்கும் இரண்டாம் ஆட்சிமொழியாக அறிவித்தது. சட்டத்தில் ஒரு மொழி ஏறும்போதே சிறுவர்களின் சட்டையிலிருந்து அது இறங்கியிருக்குமானால், எப்போது, யார் முடிவினால், எந்தக் காரணத்தால் இறங்கியது? அந்தக் கேள்வியைச் சோதிப்பதற்கான தொடர்வரிசைதான் எடைக்குப் போயிற்று. நான் சொல்லும் இழப்பு இதுதான். உணர்ச்சிவசப்பட்டு எழுதுவதாக எண்ண வேண்டாம்.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. 1997இல் லாண்ட்ரி, பூரி ஆகிய இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பின்னர், பொது இடத்துப் பெயர்ப்பலகைகளின் மொழியை ஆராய்வது ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. மூசாப்பேட்டையிலிருந்து மியாப்பூர் வரை மெட்ரோ பாதையின் இருபுறமும் உள்ள கடைப் பலகைகளை நான் படமெடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை; அதற்கு மேற்கோள் காட்ட வெளிநாட்டுக் கட்டுரை இருக்கிறது. ஆனால் கடைப்பலகையைவிடப் பேட்ஜ் பல வகையில் நல்ல சான்று. பலகையில் ஆண்டு இருப்பதில்லை; பேட்ஜில் இருக்கிறது. பலகையை மறுமுறை வண்ணமடித்தால் பழைய பிரதி அழிந்துவிடும். பேட்ஜ் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வெளியாகி, பழையதை அழிக்காமல் விட்டுவைக்கிறது. பலகை ஒரு கடைக்காரரின் விருப்பம். முகாம் பேட்ஜோ ஒரு குழு கூடி, இடம் போதாத வட்டத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று எடுத்த முடிவு. இடநெருக்கடி உள்ள இடத்தில்தான் மொழிகளின் உண்மையான வரிசை தெரியும்.

ஆண்டு பொறிக்காத பேட்ஜையும் படிக்க முடியும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் துணிப் பேட்ஜின் விளிம்பைப் பார்த்தே காலத்தைக் கணிக்கிறார்கள்: வெட்டிவிட்ட விளிம்பா, நூலால் சுற்றித் தைத்த தடித்த விளிம்பா, பின்புறம் வெறுந்துணியா, பிளாஸ்டிக் பூச்சா என்று. பானை ஓட்டின் விளிம்பு வடிவத்தைக் கொண்டு தொல்லியலாளர் காலம் கணிப்பதற்கும் இதற்கும் முறையளவில் என்ன வேறுபாடு?

அந்த ஒப்புமை தற்செயலாகச் சொன்னதல்ல. கீழடியில் 'ஆதன்' என்ற பெயர் கீறிய பானை ஓடு கிடைத்தபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம், நானும் பகிர்ந்தேன். கொடுமணலில் கிடைத்த ஓடுகளிலும் இப்படித்தான் பெயர்கள். அரசாணையோ காப்பியமோ அல்ல, யாரோ ஒருவர் தம் பானையில் தம் பெயரைக் கீறியது. அதன் மதிப்பே அந்தச் சாதாரணத்தன்மையில்தான் இருக்கிறது: எழுத்தறிவு அரண்மனைக்கு வெளியிலும் இருந்தது என்று அது சொல்கிறது. தன் காலத்தில் அந்த ஓடும் உடைந்த பானைதான், குப்பையில்தான் கிடந்தது. ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தால் சான்று, இருபது ஆண்டு அலமாரிக்குள் கிடந்தால் குப்பை என்றால், நம் அளவுகோல் அறிவு சார்ந்ததா, தூரம் சார்ந்ததா?

அச்சு வரலாற்றிலும் இதே கதை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா நூல்களோடு நிற்காமல் திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் உருவாயிற்று. இன்று தமிழில் நவீன வரலாறு எழுதும் யாரும் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களைப் புலவர்கள் தீண்டாமல் ஒதுக்கிய காலம் உண்டு, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' வந்த பிறகு அவற்றை ஒதுக்குபவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆனார். ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழகத்துக்கு வெளியில் இருந்த ஒருவரே முதலில் சேர்த்தார். நாம் பின்னால் போய் மேற்கோள் காட்டினோம்.

இனி மொழிக்கு வருகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளியொன்றில் சாரணர் படையில் இருந்தவன். 'ராஜ்ய புரஸ்கார் விருது' தேர்வு முகாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவார்கள். செய்தித்தாள்களும் இன்றுவரை அப்படித்தான் எழுதுகின்றன. புரஸ்கார் என்றாலே விருதுதான். ஆக, 'மாநில விருது விருது'. 'நடுசென்டர்', 'கேட்டுவாசல்' போன்ற கூட்டுச்சொல் இது. ஒரு சொல்லின் பொருள் பேசுவோருக்கு எட்டாதபோது, எட்டும் சொல் ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொள்வது மொழியின் இயல்பு. பாரத் சாரணர் இயக்கத்தின் படிநிலைப் பெயர்களைப் பாருங்கள்: பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், ராஜ்ய புரஸ்கார். சிறுவர்களுக்கான குருளையர் பிரிவில் 'சரண்'. சிறுமியரின் புல்புல் பிரிவில் 'பங்க்'. சிறு வயதிலேயே தொடங்கும் ஓர் ஏணி. ஒவ்வொரு படியின் பெயரும் ஏறும் குழந்தையின் மொழியில் இல்லை. தெலுங்குப் பிள்ளைக்கும் அதே கதைதான்.

1968 ஜனவரியில் அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி. அணிவகுப்பின் இந்தி ஆணைச்சொற்களைக் கைவிட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. காதில் விழும் ஆணைச்சொல் அரசியல் ஆயிற்று. சட்டைக் கையில் தைத்துக்கொண்ட சொல்லை நாம் அழகுப்பொருளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இருமொழிக் கொள்கை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் துறைகள், அந்தக் கொள்கை பத்து வயதுக் குழந்தையின் தோளில் எப்படி நடைமுறையானது என்பதற்குச் சான்று தேடியதுண்டா? தேடினால் கிடைக்கும் சான்று இந்தப் பேட்ஜுகள்தாம்.

'சாரணர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் காணும் சாரணர், வான்வழிச் செல்லும் ஆற்றல் உடையவர்களாகக் கருதப்பட்ட சமணத் துறவியர். மணிமேகலையில் நாகர் மலையில் வாழும் நக்க சாரணர் வேறொரு வகையினர். அந்தச் சொல் காக்கிச் சட்டைச் சிறுவனுக்குப் பெயராக வந்து சேர்ந்தது. 'முகாம்' அரபியிலிருந்து தக்காணத்து வழக்கின் வழியே வந்தது. 'பேட்ஜ்' ஆங்கிலம். ஒரு தமிழ் முகாம் பேட்ஜைச் சுட்டும் மூன்று சொற்களில் மூன்று வரலாறுகள். 'ஸ்கவுட்' என்பதற்கு நிகராகச் 'சாரணர்' எந்த ஆண்டுகளில் நிலைபெற்றது, எங்கே 'ஸ்கவுட்' என்றே நீடித்தது என்பதற்கு அகராதியைவிட ஆண்டு பொறித்த பேட்ஜும் முகாம் சான்றிதழுமே நம்பகமான சாட்சிகள். அகராதி தொகுப்பவர் எழுதும்போது சொல் ஏற்கெனவே பழையதாகியிருக்கும்.

எனக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் கவனிக்கத்தக்கவை மூன்று.

முதலாவது: "இவை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை, தனித்தன்மை எங்கே?" நாணயமும் ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டதுதான். நாணயவியலை யாரும் மூடச் சொல்லவில்லை. ஒரே வாசகம் ஆயிரம் உடல்களில் ஒட்டிக்கொண்டு நகரத்துக்குள் திரும்பிச் சென்றது என்பதே அதை ஆராய்வதற்குக் காரணம்.

இரண்டாவது: "சாரணர் இயக்கம் காலனியப் படைத்துறையின் குழந்தை, அதன் மீது ஏன் இந்த ஏக்கம்?" இந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன், பாதி உடன்படவும் செய்கிறேன். 1907இல் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களோடு முதல் முகாமை நடத்திய பேடன் பவல் பேரரசின் படைத்தளபதி. 1909இல் பெங்களூரில் தொடங்கியபோது இயக்கம் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு உரியதாகவே இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அந்தச் சீருடை மறுக்கப்பட்டதனால்தான் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனிச் சங்கம் கண்டார்; அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதியின் சாரணர் அமைப்பை உருவாக்கினார்கள். பிளவுகள் நீங்கி 1950 நவம்பர் 7இல் பாரத் சாரணர் அமைப்பு பிறந்தது; அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர். அதாவது, யார் எந்தச் சின்னத்தை அணியலாம் என்பது இங்கு ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்த அரசியல் போராட்டம். அல்லி மலர் வடிவத்தின் நடுவே அசோகச் சக்கரத்தை வைத்தது அந்தப் போராட்டத்தின் முடிவுரை. சாரண ஆசிரியர் பயிற்சி முடித்தோர் கழுத்தில் அணியும் மர மணிகளின் மூலமாதிரி, 1888இல் ஜூலு நாட்டில் தமக்குக் கிடைத்ததாகப் பேடன் பவல் சொன்ன, மன்னர் தினுஜூலுவினுடையதாகக் கூறப்பட்ட மாலையிலிருந்து வந்தது. 1919இல் கில்வெல் பூங்காவில் முதன்முதலாக வழங்கப்பட்டது. தென்னாப்பிரிக்க மன்னரின் மாலை எப்படி நம் ஊர் ஆசிரியரின் கழுத்துக்கு வந்தது என்று கேட்பது ஏக்கமா, காலனிய எதிர்ப்பா? சின்னத்தைப் படிக்க மறுப்பவர் காலனியத்தை எதிர்ப்பதில்லை. அதன் கைரேகையைத் துடைத்துவிடுகிறார்.

மூன்றாவது: "சேகரிப்பாளர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." சேகரிப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள், விளிம்புத் தையலின் அறிவே அவர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் சந்தைக்கு வேண்டியது அணியப்படாத, கசங்காத பேட்ஜ். ஆய்வுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது: எந்த நூலால், எத்தனை முறை பிரித்துத் தைக்கப்பட்டது, யாருடையது, எந்தப் பள்ளி. பேட்ஜ் கைமாறும்போது உலோகம் பிழைக்கும், செய்தி இறந்துவிடும். பெரிய ஜம்போரிகளின் பேட்ஜுக்குச் சந்தை உண்டு. சுதந்திர இந்தியாவின் ஒருங்கிணைந்த அமைப்பு தன் முதல் தேசிய ஜம்போரியை 1953இன் இறுதியில் நடத்தியது இதே ஐதராபாத்தில்தான். அப்போது ஐதராபாத் என்ற பெயரில் தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது பேசிய ஒரு மாநிலம் இருந்தது; அதே டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது; 1956 நவம்பரில் அந்த மாநிலமே இல்லாமல் போயிற்று. அந்த ஜம்போரியின் பேட்ஜை யாராவது ஒருவர் விலைகொடுத்துக் காப்பாற்றுவார். ஒரு பள்ளி ஆசிரியர் ஆண்டுதோறும் பூங்காவிலிருந்து கொண்டுவந்த பேட்ஜுகளை யார் காப்பாற்றுவார்?

இவற்றுக்குப் பின்னும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய என் முன்மொழிவு பலவீனமானது. "உன் கேள்வி என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன், பொருளைக் காட்டினேன், கேள்வியைக் கூர்மையாக்கவில்லை. அதைச் சுட்டியிருந்தால் நன்றியுடன் ஏற்றிருப்பேன். எனக்குக் கிடைத்தது சுட்டல் அல்ல, சிரிப்பு. வேறுபாடு பெரியது: சுட்டினால் மாணவர் திருத்திக்கொண்டு வருவார், சிரித்தால், அரங்கில் அமர்ந்திருந்த முதலாண்டு முதுகலை மாணவர்கள் தம் வீட்டுத் தகரப்பெட்டியைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டார்கள்.

"ஓலைச்சுவடிகளே அழிகின்றன, இதற்கு ஏது பணம்?" என்பார்கள். சுவடிக்குரிய பணத்தில் ஒரு ரூபாயும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு துறையிலும் ஓர் இழுப்பறை, ஒரு பதிவேடு, பதிவேட்டில் 'பிற' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி இல்லாததனால்தான் நான் வெறுங்கையோடு திரும்பினேன். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைரவிழா ஜம்போரிக்குப் பல மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகளின் பேட்ஜுகள் இப்போதுதான் அலமாரிகளுக்குள் போயிருக்கின்றன. அவற்றைத் தேடத் தொல்லியல் துறையின் அனுமதி தேவையில்லை. தமிழ், மொழியியல், வரலாறு படிக்கும் பிள்ளைகள் தம் தம்பி தங்கையரைக் கேட்டால் போதும்.

மாணவ நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வீட்டில் கேளுங்கள். சாரணர், சாரணியர், என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு விழா, மாநாடு, எதுவாயினும் சரி. முன்புறம் மட்டுமன்றிப் பின்புறத்தையும் படமெடுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். யாருடையது, எங்கே, எந்த ஆண்டு, காசு கொடுத்து வாங்கியதா, காசில்லாததால் வாங்காமல் வந்தவர் உண்டா என்று கேட்டு, அவர்கள் இசைவோடு எழுதிவையுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேட்ஜ் இல்லாதவர்களின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்கும். பொருளை வாங்கிக்கொள்ள வேண்டாம். அது அவர்களிடமே இருக்கட்டும்.

அமர்வுத் தலைவருக்கு ஒரு சொல். ஐயா, அன்று நீங்கள் கேட்ட பேருந்துச் சீட்டைப் பற்றிப் பின்னர் யோசித்தேன். வண்ணத் தாளில் அச்சிட்ட பழைய சீட்டுகள் யாருடைய நூலிலாவது பக்க அடையாளமாக இன்னும் கிடக்கின்றன; கட்டணமும் மொழியும் எழுத்துருவும் படிக்கும்படி இருக்கின்றன. இப்போது நடத்துநரின் கருவி தரும் சீட்டு வெப்பத்தாளில் அச்சாவது. சில மாதங்களில் வெற்றுத்தாள் ஆகிவிடும். உங்கள் நகைச்சுவையை நாங்கள் ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ள முடிவுசெய்யும் நாளில் படிப்பதற்கு எழுத்து இருக்காது. சிரித்து முடித்தவர்கள் சற்று விரைந்து வர வேண்டும்.